தமிழர் நகைகளில் பூக்களும் காதல் குறிப்புகளும்

தமிழ்நாட்டின் பழைய பொன் நகைகளில் பூ, மொட்டு, இதழ், தளிர், கொடி ஆகிய வடிவங்கள் மிகுதியாக உள்ளன. சடையில் தாழம்பூ, கழுத்தில் முல்லை அரும்பு, காதில் தாமரை எனத் தலை முதல் கால் வரை பூ வடிவ அணிகள் இருந்தன. இவற்றுள் சில காதலையும் மணவாழ்வையும் பற்றிய குறிப்புகளைத் தாங்கியவை. அக்குறிப்புகளைப் புரிந்துகொள்ள அகத்திணை மரபு, நகைகளின் பெயர்கள், அவற்றை யார் எப்போது அணிந்தார்கள் என்ற வழக்கம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குற்றாலம், ஐந்தருவி, தென்காசி வட்டாரம் இதற்கு நல்ல களம். குற்றால மலையைக் களமாகக் கொண்ட குற்றாலக் குறவஞ்சியில் பூமாலையும் பொன்னணியும் காதல் கதையை நடத்திச் செல்லும் பொருள்களாகவே வருகின்றன.

ஐரோப்பிய மலர்மொழி

பழைய நகையில் உள்ள பூவுக்கு ஓர் இரகசியக் காதல் செய்தி உண்டு என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. அது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1819-இல் பாரிசில் சார்லோட் த லத்தூர் என்ற புனைபெயரில் மலர்மொழி பற்றிய நூலொன்று வெளியானது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் சொல்லும் அகராதி போன்ற அந்த நூலைப் பின்பற்றிப் பல நூல்கள் இங்கிலாந்திலும் வந்தன. பொற்கொல்லர்களும் அதை எடுத்துக்கொண்டனர். 'என்னை மறவாதே' என்று பொருள்படும் பெயர் கொண்ட சிறு நீலப்பூவை நீலப்பச்சைக் கற்களால் அமைத்து மோதிரங்களிலும் பதக்கங்களிலும் பதித்தனர். கற்களின் பெயரிலேயே செய்தியை மறைத்தவர்களும் உண்டு. மாணிக்கம், மரகதம், கார்னெட், செவ்வந்திக்கல், மீண்டும் மாணிக்கம், வைரம் என்று வரிசையாகப் பதித்த மோதிரத்தில், அக்கற்களின் ஆங்கிலப் பெயர்களது முதலெழுத்துகளைக் கூட்டினால் 'ரிகார்ட்' என்று வரும். அன்பும் மதிப்பும் உண்டு என்பது அதன் பொருள்.

இளவரசர் ஆல்பர்ட் விக்டோரியா அரசிக்கு மண உறுதியின்போது அளித்த மோதிரம் பாம்பு வடிவமானது. அவர் பின்னர் அளித்த ஆரஞ்சுப்பூ நகைத் தொகுதியில் நான்கு பச்சைக் காய்கள் உள்ளன. அவை அப்போது பிறந்திருந்த நான்கு குழந்தைகளைக் குறிப்பதாகச் சொல்வர்.

இம்முறையில் செய்தி நகைக்குள்ளேயே இருக்கிறது. அகராதியைத் தெரிந்தவர் எவரும் அதைப் படித்துவிடலாம். தமிழ் நகைகளுக்கு இந்த அகராதியைப் பொருத்திப் பார்ப்பது சரியாக வருவதில்லை. பழைய பாணி நகைகளை விற்பவர்கள் 'இந்தப் பூ அழியாக் காதலைக் குறிக்கும்' என்று எழுதும் குறிப்புகளில் பலவும் இங்கிலாந்து மலர்மொழியின் நிழல்களே. தமிழில் பூவுக்குப் பொருள் இல்லை என்பதல்ல. அப்பொருள் இருக்கும் இடம் வேறு.

சொல்லுக்குள் இருக்கும் தளிர்

தமிழ்க் காதணிகளின் பெயர்களைப் பார்த்தாலே பொன்னுக்கு முன்பு காதில் என்ன இருந்தது என்பது தெரியும். 'தோடு' என்பது பூவிதழையும் ஓலையையும் குறிக்கும் சொல். 'குழை' என்றால் தளிர். 'ஓலை' என்பதே ஒரு காதணியின் பெயராகவும் இருந்தது. சுருட்டிய பனையோலையைக் காதுத் துளையில் செருகிய வழக்கம் பொன் சுருளாக மாறிய பின்பும் பெயர் மாறவில்லை. 'தாலி' என்ற சொல்லையும் பனையைக் குறிக்கும் 'தாலம்' என்பதோடு இணைத்துச் சொல்லும் கருத்து உண்டு. மடல் எழுதும் ஓலையும் காதில் இடும் ஓலையும் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் வாய்த்த ஒரு நயம்.

தோடும் குழையும் சேர்ந்து ஒரு காதல் செய்தியைச் சொல்லும் இடம் சிவனின் திருமேனி. நடராசர் செப்புத் திருமேனிகளில் ஒரு காதில் ஆண்கள் அணியும் குழையும் மறு காதில் பெண்கள் அணியும் தோடும் இருக்கும். முகத்தையோ உடலையோ பாதியாகப் பிரித்துக் காட்டாமல், இரு காதுகளின் வேறுபாட்டால் மட்டுமே உமை அவனில் பாதி என்பது உணர்த்தப்படுகிறது. திருஞானசம்பந்தரின் முதல் பதிகம் இந்தத் தோட்டைச் சொல்லியே தொடங்குகிறது. இச்செய்தி யாருக்கும் மறைக்கப்பட்டது அல்ல. பார்க்கத் தெரிந்தவருக்கு உடனே புலப்படும். தெரியாதவருக்கு அது ஒரு நகை மட்டுமே.

அகத்திணையில் பூவும் நகையும்

தமிழ் அக இலக்கியம் பூவின் பெயரால் நிலத்தையும், நிலத்தின் வழியாகக் காதலின் நிலையையும் சுட்டுகிறது. குறிஞ்சி கூடலுக்கும், முல்லை காத்திருத்தலுக்கும், மருதம் ஊடலுக்கும், நெய்தல் இரங்கலுக்கும், பாலை பிரிவுக்கும் உரியவை. வெளிப்படையாகச் சொல்லாமல் நிலக்காட்சியின் வழியே கருத்தைக் குறிப்பாக உணர்த்தும் முறையை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியம் வகுக்கிறது. ஆகவே பூவில் பொருளை மறைத்துச் சொல்வது தமிழுக்குப் புதிதன்று. ஆனால் இங்கே பூ தனியாகப் பேசுவதில்லை. யார் கொடுத்தார், யார் ஏற்றார், எந்தப் பருவத்தில் பூத்தது என்பவை சேர்ந்தே பொருள் தருகின்றன.

தலைவன் தலைவிக்குத் தரும் பூவும் தழையாடையும் 'கையுறை' எனப்பட்டன. அதை ஏற்பது காதலை ஏற்பதற்குச் சமம். குறுந்தொகையின் முதல் பாடலே கையுறையை மறுக்கும் பாடல். திப்புத்தோளார் இயற்றிய அதில், தலைவன் கொண்டுவந்த காந்தளைத் தோழி வேண்டாம் என்று சொல்வதில்லை. முருகனின் இந்த மலையே காந்தளால் நிறைந்தது என்று மட்டும் சொல்கிறாள். மறுப்பு முழுவதும் அந்தத் தகவலுக்குள் இருக்கிறது.

பூவும் பொன் நகையும் நேரடியாக ஒப்பிடப்படும் இடம் ஓதலாந்தையாரின் குறுந்தொகைப் பாடல் (21). கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை. கொன்றை பூத்துவிட்டது. சரம் சரமாகத் தொங்கும் அப்பொன்னிறப் பூக்கள் பொன்னணி கோத்த பெண்களின் கூந்தலைப் போலத் தோன்றுகின்றன. காடு இது கார்காலம் என்று சொன்னாலும் தான் நம்பப்போவதில்லை, ஏனென்றால் அவர் பொய் சொல்லமாட்டார் என்கிறாள் தலைவி. பூ காலத்தை அறிவிக்கிறது. அவள் அதைப் படிக்க மறுக்கிறாள். நகையணிந்த கூந்தல் என்ற உவமையில் இன்னொன்றும் உள்ளது. தலைவன் பிரிந்திருக்கும் காலத்தில் பெண் தன்னை அணிசெய்துகொள்வதில்லை என்பது மரபு. அணியாத பெண்ணின் முன் காடு அணிந்து நிற்கிறது.

சங்கப் பாடல்களில் நகை தரும் முதன்மையான காதல் குறிப்பு அதன் வடிவத்தில் இல்லை, அதன் அசைவில் இருக்கிறது. பிரிவால் மெலிந்த கையிலிருந்து வளை நெகிழ்ந்து விழும். ஊரார் அதைக் கண்டு அலர் பேசுவர். தாய் கண்டுகொள்வாள். தலைவி வாய் திறக்காமலே வளை சொல்லிவிடுகிறது. பிற்கால உலா இலக்கியத்தில் தலைவனைக் கண்ட பெண்களின் வளைகள் கழல்வதும் இதன் தொடர்ச்சியே.

தாழம்பூ

பெண்கள் சூடும் பூக்களில் காதல் செய்தியோடு மிக வெளிப்படையாகப் பிணைந்தது தாழை. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையில் மாதவி, பிரிந்து சென்ற கோவலனுக்கு மடல் எழுதுகிறாள். பல பூக்களால் தொடுத்த மாலையின் நடுவே அமைந்த தாழையின் வெண்ணிற இதழே ஓலை. பித்திகை மொட்டே எழுத்தாணி. செந்நிறக் குழம்பே மை. வசந்தமாலை அதைக் கொண்டுசெல்கிறாள். கோவலன் வாங்க மறுத்துவிடுகிறான். அந்த இதழைக் குறிக்க இளங்கோ பயன்படுத்தும் சொல்லும் 'தோடு' தான்.

சடையில் அணியும் பொன் அணிகளின் வரிசையில் தாழம்பூவுக்கு நிலையான இடம் உண்டு. உச்சியில் ராக்கொடி அல்லது திருகுப்பூ, வகிட்டின் இருபுறமும் சூரியபிரபை, சந்திரபிரபை, பின்னலின் மேல்பகுதியில் படமெடுத்த நாகம், அதற்குக் கீழே தாழம்பூ, பின்னர் சிறுத்துக்கொண்டே போகும் பூ வில்லைகள், முடிவில் குஞ்சலம். நாகமும் தாழம்பூவும் அடுத்தடுத்து வருவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தாழம்புதரில் பாம்பு இருக்கும் என்பது தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்லும் செய்தி. மணமும் ஆபத்தும் ஒரே புதரில் இருப்பது பின்னலிலும் அப்படியே வந்திருக்கிறது.

இப்பூவின் நிலை கோயிலில் வேறு. அடிமுடி தேடிய கதையில் பிரமனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவ வழிபாட்டில் தாழம்பூ விலக்கப்பட்டது. உத்தரகோசமங்கை இதற்குப் பெயர்பெற்ற விதிவிலக்கு. கடவுளுக்கு ஆகாத பூ பெண்ணின் சடைக்கு மிக உகந்த பூவாக இருந்தது. பூப்புச் சடங்கிலும் வளைகாப்பிலும் தாழம்பூ மடலையும் மல்லிகை மொட்டையும் சேர்த்துப் பின்னலில் 'பூத்தைப்பது' வழக்கம். அந்த அலங்காரத்தோடு ஸ்டுடியோவுக்குப் போய், பின்னால் கண்ணாடி வைத்துச் சடையும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்வார்கள். தாழம்பூவைச் சூடும் நாள் ஒரு பெண்ணின் வாழ்வில் எந்தக் கட்டம் என்பது ஊருக்கே தெரியும். பொன் தாழம்பூவும் மணப்பெண் அலங்காரத்தில் இடம்பெற்று அதே வேலையைச் செய்தது.

குற்றாலக் குறவஞ்சியில் மாலையும் நகையும்

தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்றியது குற்றாலக் குறவஞ்சி. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் (ஆட்சிக்காலம் 1706–1732) இந்நூலுக்காக அவருக்கு அளித்த நிலம் குறவஞ்சி மேடு எனப்பட்டது. ஐந்தருவியும், செண்பக மரங்களால் பெயர்பெற்ற செண்பகா அருவியும், தேனருவியும் விழும் திரிகூட மலையே நூலின் களம்.

கதையின் தலைவி வசந்தவல்லி. பவனி வரும் குற்றாலநாதரைக் கண்டு காதல் கொள்கிறாள். நிலவையும் மன்மதனையும் பழிக்கிறாள். தோழியைத் தூது விடும்போது அவள் கேட்பது எளியது: அவர் வரட்டும், வர இயலாவிட்டால் தம் மாலையையாவது தரட்டும். சிவனின் மாலை கொன்றை. அகமரபில் தலைவன் தந்த கையுறையைத் தோழி ஏற்பாள் அல்லது மறுப்பாள். இங்கே தலைவியே முன்வந்து மாலையைக் கேட்கிறாள். பூமாலை அவனுக்குப் பதிலாக இருக்கும் என்ற நம்பிக்கையே அக்கோரிக்கையின் பொருள். இதே மலைத்தொடரின் அடிவாரமாக வடக்கே சென்றால் வரும் ஸ்ரீவில்லிபுத்தூரில், கடவுளுக்குரிய மாலையைத் தானே முதலில் சூடிப் பார்த்த ஆண்டாளின் கதை வழங்குவதையும் இங்கே நினைக்கலாம்.

நூலின் இறுதிப்பகுதி பொன் நகைகளுக்கு உரியது. குறி சொல்லப் போன சிங்கியைத் தேடி அலைந்த சிங்கன் கடைசியில் அவளைக் கண்டுபிடிக்கிறான். அவள் உடம்பு முழுக்க அவன் அறியாத நகைகள். ஒவ்வொன்றாகக் கேட்கிறான். காலில் விரியன் பாம்பு கடித்துக் கிடப்பதுபோல் இருக்கிறதே என்கிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு. நெளியும் மண்புழு, பாண்டியனார் மகள் இட்ட பாடகம். செத்த தவளை, குற்றாலர் சந்நிதிப் பெண்கள் தந்த கெச்சம். விரலில் சுருண்ட பூச்சி, கண்டி நாட்டில் பெற்ற காலாழி பீலி. இடுப்பில் கிடக்கும் சாரை, செட்டிமார் தந்த பொன் அரைஞாண். மார்பில் எழும்பிய கொப்புளம், காயலார் தந்த முத்தாரம்.

இப்பகுதி பெரும்பாலும் நகைச்சுவையாகவே படிக்கப்படுகிறது. நகை வரலாற்றில் இதற்கு இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்தமிழ்நாட்டில் புழங்கிய நகைப் பெயர்கள் ஊர்ப்பெயர்களோடு சேர்த்துப் பதிவாகியுள்ளன. காயல் முத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகம் என்பதால் முத்தாரம் அங்கிருந்து வருவது பொருத்தமே. மற்றொன்று, சிங்கன் பறவை பிடிக்கும் வேட்டைக்காரன். மற்றவர் பூவும் கொடியும் காணும் நகைகளில் அவன் கண்ணுக்குத் தெரிவது பாம்பும் புழுவும் தவளையும். வடிவத்துக்கு நிலையான பொருள் எதுவும் இல்லை, பார்ப்பவரின் வாழ்க்கையே பொருள் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது கடினம். அவன் கேள்விகளுக்கு அடியில் ஓடுவது வேறொன்று: இதையெல்லாம் உனக்கு யார் தந்தார்கள்? சிங்கி ஒவ்வொரு நகைக்கும் கொடுத்தவரின் ஊரைச் சொல்லி அந்தச் சந்தேகத்தை அவிழ்க்கிறாள்.

முல்லை அரும்பும் ஏழுகல் தோடும்

முல்லை மாலையில் மலரும் பூ. முல்லைத் திணைக்குரிய பொழுதும் மாலையே; உரிப்பொருள் காத்திருத்தல். கற்போடு முல்லையைச் சேர்த்துச் சொல்வது சங்க மரபு. நகையில் முல்லை வருவது பெரும்பாலும் அரும்பாகவே. கூர்நுனி கொண்ட மொட்டுகளை நெருக்கமாகக் கோத்த மாலை கேரளத்தில் 'முல்லமொட்டு மாலை' எனப்படும். குற்றாலத்தை ஒட்டிய செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்த பகுதி. மலைக்கு இருபுறமும் மண உறவும் வணிகமும் இருந்ததால் இப்பக்கத்து நகைப்பெட்டிகளில் மலையாள நாட்டு வடிவங்களைக் காண்பதில் வியப்பில்லை. மொட்டைத் தேர்ந்ததில் பொற்கொல்லரின் வசதியும் இருக்கிறது. விரிந்த முல்லையின் மெல்லிய இதழ்கள் துணியில் மாட்டி வளையும்; திரண்ட மொட்டு பல தலைமுறை தாங்கும். காத்திருத்தல் என்ற பொருளை அதற்கு ஏற்றிச் சொல்வது அழகான வாசிப்புதான். எனினும் அதைச் செய்த ஆசாரி அப்படி எண்ணினார் என்று சொல்ல முடியாது.

ஏழுகல் தோட்டின் பூ வடிவம் கணக்கிலிருந்து பிறந்தது. ஒரே அளவுள்ள ஆறு வட்டங்கள் ஏழாவது வட்டத்தைச் சுற்றி இடைவெளியின்றிச் சரியாகப் பொருந்தும். ஏழு வைரங்களை அப்படிப் பதித்தால் கல் வீணாகாமல் பூ கிடைக்கிறது. கெம்பு நகைகளில் இதழ் வடிவாகத் தீட்டிய சிவப்புக்கல்லுக்கு அடியில் தகடு வைத்து, சுற்றிலும் பொன்னால் அடைப்பார்கள். கல்லின் பின்புறம் மூடியிருப்பதால் விளக்கொளியில் தகடு பட்டுத் தெறிக்கும் சிவப்பு, தாமரை இதழின் நிறத்துக்கு அருகில் வரும். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் இம்முறையில் செய்யப்படும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை.

மன்மதனின் ஐந்து அம்புகளாகச் சொல்லப்படும் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் ஆகியவற்றில் மூன்று நகை வடிவங்களாகவும் புகழ்பெற்றவை: தாமரைத் தோடு, மாங்காய் மாலை, முல்லை அரும்பு. மா மட்டும் பூவாக வராமல் காயாக வருகிறது. பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய தென்காசி காசிவிசுவநாதர் கோயிலில் மன்மதனும் ரதியும் ஆளுயரச் சிற்பங்களாக நிற்கின்றனர். கூடலுக்குரிய குறிஞ்சியோ நகைப் பெயராக வருவது அரிது. அது மலையில் ஆண்டுகள் பல கழித்துப் பூப்பது. தலையில் சூடிப் பழகிய பூ அல்ல. நகைக்குள் வந்தவை பெண்கள் நாள்தோறும் தொடுத்த பூக்களே.

உருக்கப்பட்ட நகைகள்

தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளில் முதிய பெண்கள் அணிந்த பாம்படமும் தண்டட்டியும் பூ வடிவை விட்டு முழுவதும் விலகியவை. உருண்டையும் தகடும் கோணமுமாக அமைந்த இவற்றின் உட்பகுதி பொள்ளலாக இருக்கும், அரக்கு நிரப்பியிருப்பார்கள். பாம்படம் என்ற பெயர் பாம்பின் படத்தை நினைவூட்டுகிறது. காதின் மேற்பகுதியில் அணிந்த 'கொப்பு' மட்டும், இவ்வட்டாரத்தில் மரக்கிளைக்கு வழங்கும் பெயரையே கொண்டிருக்கிறது. வடித்த காது நாகரிகமற்றது என்ற எண்ணம் பரவியபின் பலர் காதுமடலைத் தைத்துக்கொண்டு இவற்றை விற்றனர்.

1963 சனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வதைத் தடைசெய்தன. பொற்கொல்லர்கள் பலர் தொழிலிழந்தனர். 1968-இல் சட்டமாக்கப்பட்ட கட்டுப்பாடு 1990-இல்தான் முழுமையாக நீக்கப்பட்டது. ஆனால் பழைய நகைகளின் அழிவுக்குச் சட்டத்தைவிட வீட்டு வழக்கமே பெரிய காரணம். பாட்டியின் நகை பேத்தியின் திருமணத்துக்கு உருக்கப்படும். எடை குறிக்கப்படும், வடிவமும் பெயரும் குறிக்கப்படுவதில்லை. கல் வைத்த நகையை உருக்கும்போது அரக்கும் தகடும் கழிவாகிவிடும், சிறு கெம்புகளுக்கு விலை கிடைப்பதில்லை.

இப்படி உருகிய சடை அணிகள் பலவற்றுக்கு எஞ்சியிருக்கும் சான்று, வீட்டுச் சுவர்களில் தொங்கும் பூத்தைத்த படங்களே. கண்ணாடியில் தெரியும் பின்னலைப் பெரிதாக்கிப் பார்த்தால் நாகம், தாழம்பூ, வில்லைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அடையாளம் காண முடியும். படத்தின் பின்புறம் நாளும் விசேஷமும் எழுதியிருந்தால் எந்த அணி எந்தச் சடங்கில் அணியப்பட்டது என்பதும் தெரியவரும். அந்த அணியை அவ்வீட்டில் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதை மட்டும் படம் சொல்லாது. அதை வீட்டின் மூத்த பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.